படிவத்தை எடுத்தால் பேச மறுக்கிறார்கள்: களப்பயிற்சித் தங்கச்சிக்கு

தங்கச்சி, சமூகப்பணிக் களப்பயிற்சிக்காக இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் தகவல் படிவத்தை எடுத்தாலே பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், அவர்களுடைய வழக்கங்களை அறிக்கையில் எழுதினால் மேற்பார்வையாளர் ஏற்பாரா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள். சமூகப்பணிக்கான 2014 உலக வரைவிலக்கணமே சுதேச அறிவையும், அதாவது அந்தந்த மக்களின் வழிவழி அறிவையும், அடித்தளமாகச் சொல்கிறது, அதைக் காட்டுங்கள்.

படிவப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1948 இல் குடியுரிமை பறிபோனதும், ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்ததும் இந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழருக்குத் தாளாகத்தான் வந்தன. சரி, தாளை மூடிவைத்துவிட்டு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு சாவு வீட்டுக்குப் போங்கள். ஒப்பாரி வைக்கிறவள் செத்தவரைப் பாடுகிற சாக்கில் தன் வீட்டுக் குடிப்பழக்கத்தையும் கடனையும் சொல்லி அழுவாள். பக்கத்தில் இருப்பவள் தோளைக் கட்டிக்கொண்டு கேட்பாள். நாம் ஆற்றுப்படுத்தல் (counselling) என்று சொல்வது அங்கே ஏற்கெனவே நடக்கிறது. அங்கே குறிப்பெடுக்கவே வேண்டாம். அப்புறம் ஒருநாள் அவளிடமே கேட்டு, சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள்.