எல்லாரும் வரவில்லை

அன்புள்ள அம்மா,

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஓசூரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு இன்டர்வியூவில் ‘டோன்ட் யூ ஹேவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்?’ என்று கேட்டார்கள். ‘யெஸ் சார்’ என்றேன். ஆமாம், அனுபவம் இல்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவர் உடனே ‘எங்கே, எத்தனை வருஷம்?’ என்று ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் வாயே வரவில்லை. இப்படிக் கேட்டால் யெஸ் சொல்வதா, நோ சொல்வதா? ‘ஐ அம் லேட், ஆரன்ட் ஐ?’ என்கிறார்களே, ‘ஐ’யோடு ‘ஆர்’ எப்படிச் சேர்ந்தது? ‘ஐ டோன்ட் திங்க் ஹீ வில் கம்’ சரியா, ‘ஐ திங்க் ஹீ வில் நாட் கம்’ சரியா? வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். மூன்றுமே அரைகுறை. இதில் நான்காவதாக ஆங்கிலம் எனக்கு எங்கே வரப்போகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த ‘யெஸ் சார்’ என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில். ‘சாப்பிடலையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமா, சாப்பிடலை’ என்கிறோம். கேட்டவர் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்கிறோம். சில சமயம் ‘இல்லை, சாப்பிடலை’ என்றும் சொல்வோம். இரண்டும் நமக்குச் செல்லும். ஆங்கிலத்துக்கு அது செல்லாது. அங்கே கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பது கணக்கில்லை. உங்கள் பதிலில் ‘நாட்’ இருந்தால் ‘நோ’ என்றுதான் தொடங்க வேண்டும். ‘நோ சார், ஐ டோன்ட்.’ அவ்வளவுதான். ‘ஆரன்ட் ஐ’ அவர்கள் வீட்டுக் கோளாறு, நாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ‘ஆம்ன்ட் ஐ’ என்று ஒழுங்காகச் சொல்கிறவர்கள் உண்டு. மூன்றாவது கேள்வியில் இரண்டுமே சரி, முதலாவதைத்தான் அதிகம் சொல்வார்கள்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். ‘மூன்றுமே அரைகுறை’ என்று எழுத எப்படி மனம் வந்தது? சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சில்லறை வாங்கிக்கொண்டு வருகிற ஊர்க்காரர் நீங்கள். மூன்று மொழியில் ‘இல்லை’ சொல்லத் தெரிந்த ஆளுக்கு நான்காவது மொழியின் ‘இல்லை’ வராது என்று யார் சொன்னது? குறை வேறு இடத்தில் இருக்கிறது. நம் மொழிகள் எப்படி இல்லை என்று சொல்கின்றன என்பதை நமக்கு யாரும் காட்டித் தரவில்லை. அது தெரியாமல் ஆங்கிலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கல்லூரி முடித்த வருஷம், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் ஆபீஸ் வேலை. சீசன் சமயம். பழம் கழுவவும் வெட்டவும் சுற்று ஊர்களிலிருந்து வேனில் ஐம்பது அறுபது பெண்கள் வருவார்கள். ஒரு நாள் ராத்திரி பேய் மழை. காலையில் ஒரு வேனும் வரவில்லை. எட்டு மணிக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். தமிழ் தெரியாத மேலாளர். ஆட்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டார். என் வாயில் முதலில் வந்தது ‘எனிபடி டிட் நாட் கம்’. ‘எனிபடி’யில் வாக்கியத்தைத் தொடங்காதே என்று கல்லூரியில் திட்டு வாங்கிய ஞாபகம். அதை விழுங்கிவிட்டு, ‘ஆல் ஆஃப் தெம் டிட் நாட் கம் சார்’ என்றேன்.

நான் சொன்னது ஒருத்தரும் வரவில்லை என்று. அவர் காதில் விழுந்தது, எல்லாரும் வரவில்லை, கொஞ்சம் பேர் வந்திருக்கிறார்கள் என்று. இருக்கிறவர்களை வைத்து ஓட்டிக்கொள்வார்கள் என்று நினைத்து, வேறு ஆலைக்குத் திருப்பிவிட்டிருக்க வேண்டிய மூன்று லாரி பெங்களூரா மாம்பழத்தை எங்களுக்கே அனுப்பிவிட்டார். ஷெட்டில் ஏற்கெனவே பழுத்து நின்ற பழம் வேறு. மூன்றாம் நாள் லாரித் தொட்டியின் பலகை இடுக்கு வழியாகச் சாறு ஒழுகி, மண்ணில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புளித்த வாடையும் ஈ மொய்த்த சத்தமும் இன்னும் போகவில்லை. மேலாளர் நேரில் வந்து, ‘நோபடி என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, தெரியாதா?’ என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். தேவைப்பட்டபோது ஏன் அது வரவில்லை? இந்தக் கேள்வியைத்தான் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

‘யாரும் வரவில்லை’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘யார்’ என்பது வெறும் கேள்விச் சொல். அதோடு ஓர் ‘உம்’. ‘யாரும்’ என்ற சொல்லுக்குள் இல்லை என்ற பொருள் துளியும் கிடையாது. இல்லை என்பது வாக்கியத்தின் கடைசியில், வினையில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது முந்திக்கொள்ளும். ஆளைக் குறிக்கும் சொல் முதலில் வந்தால் அதன் தலையிலேயே ஏறிக்கொள்ளும்: நோபடி, நன் ஆஃப் தெம், நைதர் ஆஃப் அஸ். ஏறிவிட்டால் வினை சுத்தமாக நிற்கும். ‘நோபடி கேம்’, ‘நன் ஆஃப் தெம் கேம்’. வந்தார் என்றே வினை சொல்லும், வந்தது மட்டும் யாருமில்லை! இது நமக்கு விசித்திரம். வினை முன்னால் வந்து அதில் ‘நாட்’ ஒட்டிக்கொண்டால், அதற்குப் பின்னால் ‘எனிபடி’ தாராளமாக வரலாம். ‘ஐ டிட் நாட் ஸீ எனிபடி.’ இல்லை சொல்கிற வாக்கியத்தில் ‘எனிபடி’ ‘நாட்’டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். முன்னால் நிறுத்தினால் வாக்கியம் உடைகிறது. நமக்கோ ‘யாரும்’ முன்னால், ‘இல்லை’ பின்னால். அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்தால் ‘எனிபடி டிட் நாட் கம்’தான் வரும். அதைத் தவிர்க்க ‘ஆல்’ என்று போட்டால் என் கதை. தமிழிலும் ‘எல்லாரும் வரவில்லை’ என்பது இரண்டு பொருள் தரும், சொல்கிற தொனிதான் காப்பாற்றும். போனில் என் தொனி அவருக்குப் புரியவில்லை.

ஆங்கிலமும் பிறந்தபோதே இப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘நே’ என்ற குட்டிச் சொல் வினைக்கு முன்னால் நிற்கும். அந்த ‘நே’யும் ஒன்று என்ற பொருள் உள்ள சொல்லும் ஒட்டித்தான் ‘நன்’ ஆயிற்று, ‘நே’யும் எப்போதாவது என்ற பொருள் உள்ள ‘எவர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஒட்டி ‘நெவர்’. ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று ‘இல்லை’ போடுவது அப்போது தவறே கிடையாது. இரண்டு இல்லை சேர்ந்தால் ஆமாம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு அதைத் தவறு என்று விதி எழுதியவர்கள் 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்று இன்றும் சொல்கிற ஆங்கிலேயரைப் படிக்காதவர் என்று சிரிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

நம் பக்கம் இன்னும் அழகு. ‘அறியேன்’ என்ற சொல்லில் அறி இருக்கிறது, நான் என்று காட்டும் ‘ஏன்’ இருக்கிறது. இல்லை எங்கே? காணோம். நடுவில் இல்லை என்று காட்டும் ‘ஆ’ இருந்து மறைந்துவிட்டது என்பார்கள் நம் இலக்கணக்காரர்கள். எனக்கு அந்த வெற்றிடமே ‘இல்லை’யாகக் கேட்கிறது. ‘வாரேன்’ என்றால் பழந்தமிழில் வரமாட்டேன். இன்று ஊரில் அதே ‘வாரேன்’ வருகிறேன் ஆகிவிட்டது. பழைய முறை அப்படியே உயிரோடு இருப்பது உங்கள் வீட்டுத் தெலுங்கில், தம்பி. ‘நேனு ரானு, வாடு ராடு’ (நான் வரமாட்டேன், அவன் வரமாட்டான்) என்று நீங்கள் தினமும் சொல்கிறீர்கள். நான், அவன் எல்லாம் வினைக்குள்ளேயே இருக்கிறது. இதைத்தான் அரைகுறை என்கிறீர்கள்.

இதே தகடூர் மண்ணில், இன்றைய தருமபுரிப் பக்கத்தில், அதியமானைப் பாடும்போது ஔவையார் ‘ஒருநாட் செல்லலம் இருநாட் செல்லலம்’ என்று தொடங்குகிறார். புறநானூறு 101. ‘செல்லலம்’: செல், அல், அம். போவதும் இல்லையும் நாங்களும் ஒரே சொல்லில். பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் போலவே விரும்பி வரவேற்பான் என்று பாட்டு போகிறது. தருமபுரியில் எந்த ஆங்கில வகுப்பிலாவது இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பக்கத்தில் ‘வீ டிட் நாட் கோ’ என்று எழுதிக் காட்டியிருக்கிறார்களா? ‘டென்ஸ்’ பன்னிரண்டையும் மனப்பாடம் பண்ண வைக்கிறார்கள். இல்லை சொல்ல மட்டும் சொல்லித் தருவதில்லை.

மேலாளர் திட்டிவிட்டுப் போன அன்று பெண்கள் திரும்ப வந்தார்கள். ராயக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் வெட்டும் மேடையைக் கழுவிக்கொண்டே, ‘ஆ ரோஜு எவரூ ராலேதம்மா’ என்றார் தெலுங்கில், அன்றைக்கு யாரும் வரவில்லையம்மா என்று. அடுத்து நின்றவர், ‘ஹௌது, யாரூ பரலில்ல’ என்றார் கன்னடத்தில், ஆமாம், யாரும் வரவில்லை என்று. எவரூ, யாரூ, யாரும். கேள்விச் சொல் முன்னால், ஒட்டுப் பின்னால், இல்லை கடைசியில். மூன்றும் ஒரே அச்சு. நான் போனில் பேச முயன்றதும் அதே அச்சில்தான். கையில் கணக்கு நோட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

அடுத்த இன்டர்வியூ எப்போது என்று எழுதுங்கள்.