சரஸ்வதி யானைமேல், வீணை காருக்குள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீணை வாசிக்கிறேன். அடுத்த மாதம் நாகர்கோவிலில் ஒரு கச்சேரி, ஒருநாள் விட்டுத் திருவனந்தபுரத்தில் இன்னொன்று. நடுவில் கிடைக்கும் நாளில் பத்மநாபபுரம் அரண்மனையா, சுசீந்திரமா? சுசீந்திரத்து இசைத்தூண்களில் ஏழு சுரமும் சுத்தமாக வருமாமே? போன தடவை வீணையைக் காரிலேயே விட்டுவிட்டு அரண்மனையை அவசரமாகச் சுற்றினேன். அன்று சாயங்காலம் மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டுகள் (சுரம் பிடிக்கும் உலோகக் கட்டைகள்) ஸ்ருதி விலகி, கச்சேரியே கெட்டுப்போனது. புதிதாக மேளம் கட்டிய, அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதித்த வீணை. ஆசாரி சரியாகச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அரண்மனைக்குப் போங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் அடைப்பார்கள். நிலம் நம்முடையது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. அதனால் விடுமுறை நாளை நம் காலண்டரில் தேட வேண்டாம். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தூண்களைப் பற்றி: இரண்டு முனையும் இறுகிய கல்தூண் தந்தியைப் போல அதிராது. தந்தியில் மேலே எழும் ஒலிகள் அடிப்படைச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரும். இப்படிப்பட்ட தூணில் முதல் மேலொலியே ஏறக்குறைய 2.76 மடங்கு. ஸ்ருதிப்பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை. தட்டியும் பார்க்காதீர்கள். தட்டித் தட்டித்தான் இப்படிப்பட்ட தூண்கள் சேதமாகின்றன.

இனி ஆசாரி விஷயம். அவர்மேல் பழி போட உங்களுக்கு எப்படி மனது வந்தது? குற்றம் உங்கள் காரில் இருக்கிறது.

24 மெட்டும் தண்டிமேல் (வீணையின் நீண்ட கழுத்தின்மேல்) எதில் உட்கார்ந்திருக்கின்றன? மெழுகில். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து, கரியால் கறுப்பாக்கிய மெழுகு. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் பிசைகிற பதத்துக்கு அதற்கு வெகு முன்பே வந்துவிடும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிற்கும் காருக்குள் 50 டிகிரி சாதாரணம். அதற்குமேல் உங்கள் வீணைக்குக் கறுப்பு உறை வேறு போட்டிருப்பீர்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மெழுகு இளகியதும் மெட்டு தானாக ஓடிவிடாது. தந்தி அதைத் தொடாமல் மேலேதான் நிற்கிறது. நீங்கள் எடுத்து மடியில் வைத்து, விரலால் அழுத்திக் கமகம் இழுக்கிறீர்களே, அப்போதுதான் மெட்டு ஒரு பக்கம் அமிழும், சாயும். காரிலிருந்து எடுத்த வீணையை நிழலில், காற்றாடியின் கீழ் இரண்டு மணி நேரம் தொடாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எடுத்த எடுப்பில் சரிபார்க்கிறேன் என்று வாசித்திருப்பீர்கள். மேல் ஸ்தாயியில் மெட்டுகள் நெருக்கமாக இருப்பதால் நூலளவு நகர்ந்தாலும் காதில் குத்தும். கீழே அதே நகர்வு தெரிந்தே இருக்காது.

சோதிக்க வழி இருக்கிறது. சாரணியை (முதல் தந்தியை) மீட்டி, 12ஆவது மெட்டில் மேல் ஷட்ஜம் சேர்கிறதா என்று பாருங்கள். எல்லா மெட்டிலும் தவறு ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) நகர்ந்திருக்கிறதா என்று சந்தேகப்படலாம். ஒன்றிரண்டு மட்டும் என்றால் மெழுகுதான். மெழுகுவர்த்தி, தலை உலர்த்தும் கருவி, சூடாக்கிய கரண்டி எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஒன்றைச் சரிசெய்யப் பக்கத்து மெட்டு இரண்டும் இளகும்.

அரண்மனை திருவனந்தபுரம் போகும் வழியிலேயே, தக்கலை பக்கத்தில் இருப்பதுதான் உங்களுக்கு வினை. 'வழிதானே' என்று அறையைக் காலிசெய்து சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். காலி செய்யாதீர்கள். வீணை நாகர்கோவில் அறையிலேயே இருக்கட்டும். திறக்கும் நேரத்துக்கு அரண்மனை போய், சாப்பாட்டுக்குத் திரும்பி, வெயில் தாழ்ந்தபின் வீணையோடு கிளம்புங்கள். பின் சீட்டில் மெத்தை விரித்துக் குடத்துக்கு அண்டை கொடுங்கள். ஜன்னல் வெயில் தண்டியில் விழக்கூடாது. வழியில் டீ குடிக்க நிறுத்தினால் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

அங்கே நவராத்திரி மண்டபத்தை நிதானமாகப் பாருங்கள். கல்தூண்கள், முகம் தெரியும் கறுப்புத் தரை, அரண்மனைப் பெண்கள் மறைவிலிருந்து கச்சேரி பார்த்த மர அடைப்பு. அங்கே வாசித்துப் பார்க்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள். பக்கத்திலேயே சரஸ்வதி கோயில். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். நவராத்திரிக்கு அந்தச் சரஸ்வதி இதே சாலையில்தான் திருவனந்தபுரம் போகிறாள். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறி, யானைமேல் ஏறி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வர, முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கி. வீணை ஏந்தியவளுக்கு அத்தனை பரிவாரம். வீணைக்கு நீங்கள் கொடுத்தது கார் நிறுத்துமிடத்து வெயில்.

ஆசாரிக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, அந்த இரண்டு மெட்டை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள்; முழு மேளத்தையும் அவிழ்க்கத் தேவையிருக்காது. கூலியில் பேரம் வேண்டாம்.