பதில்: நெக் பிக்கப் மட்டும் சத்தமே இல்லை

ஸ்ட்ராட் மாடல் எலக்ட்ரிக் கிட்டார், கம்பி அதிர்வை சிக்னலா மாத்தற மூணு பிக்கப்புல மத்த ரெண்டும் நல்லா பேசுது, கழுத்துப் பக்கம் இருக்கிற நெக் மட்டும் செத்துப்போச்சு, கடையில புதுசு மாத்தச் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவசரப்பட்டு காசைக் கொடுத்துடாதீங்க.

கேபிள், ஜாக், வால்யூம் எல்லாம் மூணுக்கும் பொது, அதனால அதுல குத்தமில்லை. நெக் டோன் குமிழை முழுசா திறந்துட்டு, பிக்கப் மாத்தற ஸ்விட்ச்சை நெக்கும் நடுவும் சேர்ந்த நிலையில வைங்க. ஸ்க்ரூடிரைவரால நெக் காந்தத்தை லேசா தட்டுங்க. ஆம்ப்ல பலமா 'டொக்'னு கேட்டா பிக்கப் உயிரோடதான் இருக்கு, பெரும்பாலும் ஸ்விட்ச் அழுக்கு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல கான்டாக்ட் கிளீனர் (ஸ்விட்ச் அழுக்கை எடுக்கிற ஸ்ப்ரே) கிடைக்கும். அடிச்சு, ஸ்விட்ச்சை நல்லா முன்னும் பின்னும் தள்ளுங்க. எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம்!

கேட்கலைன்னா மல்டிமீட்டர்தான். கேபிளை கிட்டார்ல செருகி, வால்யூம் முழுசா வச்சு, நெக் நிலையில மறுமுனை பிளக்கோட நுனிக்கும் உடம்புக்கும் நடுவுல அளங்க. 5-7 கிலோ ஓம் வந்தா பிக்கப்புக்குள்ள சுத்தியிருக்கிற கம்பிச்சுருள், அதாவது காயில், சரி. 250 கிலோ ஓம் பக்கம் காட்டினா அது வால்யூம் பாட்டோட (குமிழுக்கு அடியில இருக்கிற ரெசிஸ்டரோட) அளவு; ஸ்விட்ச் தொடலை, இல்ல காயில் வழியில எங்கயோ அறுந்திருக்கு. பிக்கப் ஒயரோட ரெண்டு சால்டரையும் முதல்ல பாருங்க, பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சிடும். காயில் கம்பி தலைமுடி கனம்தான், அதை நோண்டாதீங்க. பூஜ்யம் பக்கம் காட்டினா ஷார்ட்.

வர்ற அளவை இங்க போடுங்க, மேல பார்க்கலாம்.