அகிம்சை என்றால் அடி வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதா?

"அடிக்கிறவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படிப் போராட்டமாகும்? அமெரிக்காவில் நிறப் பிரிவினை அதனாலா ஒழிந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லூரிக் காலத்தில் நானும் இதையே சொல்லி நண்பர்களோடு வாதாடியிருக்கிறேன். என் எண்ணத்தை மாற்றியது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1960இல் நடந்த போராட்டம்.

அந்த ஊரின் பெரிய கடைகளில் கறுப்பினத்தவர் சட்டை வாங்கலாம், நோட்டுப் புத்தகம் வாங்கலாம். காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அதே கடைக்குள் இருக்கும் உணவுக் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு காபி கேட்டால் தர மாட்டார்கள்.

ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின இளைஞர் கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். பிறகு நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி, காந்தியின் சத்தியாகிரகத்தை ஊன்றிக் கற்றார். அமெரிக்கா திரும்பிய சில ஆண்டுகளில் நாஷ்வில்லின் ஒரு தேவாலயத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆம், பயிற்சி! சிலர் கடையில் உட்கார்ந்திருப்பவர்களாக நடிப்பார்கள். மற்றவர்கள் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளுவார்கள். விழும்போது தலையை எப்படிக் காப்பது, அடிபடும் தோழருக்குக் குறுக்கே எப்படிப் போய் நிற்பது என்பதையெல்லாம் பழகினார்கள். கோபம் வராதவர்கள் அல்ல அவர்கள். வந்த கோபத்தை என்ன செய்வது என்று மாதக்கணக்கில் கற்றுக்கொண்டவர்கள். இதைச் சும்மா இருப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 13 அன்று கவுண்டர்களில் போய் உட்கார்ந்தார்கள். உணவு தர மறுத்ததும் பாடப் புத்தகத்தைத் திறந்து படித்தார்கள். பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் புகுந்து அடித்தது. போலீஸ் கைது செய்ததோ அடி வாங்கிய மாணவர்களை, 81 பேரை! ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த வரிசை வந்து அமர்ந்தது. திருப்பி அடிக்காதே, நிமிர்ந்து உட்கார், கவுண்டரை நோக்கியே இரு என்பவை அவர்கள் எழுதி வைத்திருந்த விதிகளில் சில.

அதற்காக, மனசாட்சி மட்டுமே கடைக்காரர்களை அசைத்தது என்று சொல்ல மாட்டேன். ஈஸ்டர் சமயத்தில் கறுப்பின மக்கள் அந்தக் கடைகளில் எதுவும் வாங்காமல் ஒதுங்கினார்கள். வியாபாரம் படுத்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஏப்ரல் 19ஐத்தான். விடியற்காலையில் மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் டைனமைட் வீசப்பட்டது. அவரும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் கோஷமின்றி நகராட்சி மன்றத்துக்கு நடந்தார்கள். படிகளில் மேயர் பென் வெஸ்ட் நின்றார். டயான் நாஷ் என்ற 21 வயது மாணவி அவரிடம் சட்டம் பேசவில்லை. சட்டம் பேசினால், கடை எங்கள் சொத்து, யாருக்குப் பரிமாறுவது என்பது எங்கள் உரிமை என்ற பதில் தயாராக இருந்தது. நிறத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் கருதுகிறீர்களா என்றுதான் கேட்டார். மேயர் ஆம் என்றார். அது ஓர் அரசியல்வாதியாக அல்ல, மனிதனாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று பின்னாளில் அவரே விளக்கினார்.

அவரை அடித்திருந்தால் இந்தப் பதில் வந்திருக்குமா? அடிபட்டவர் என்ற அனுதாபத்துக்குள் அவர் ஒளிந்துகொண்டிருப்பார். அன்று அவருக்கு ஒளிய இடமில்லை.

மே 10 அன்று ஆறு கடைகளின் கவுண்டர்கள் திறந்தன. முன்பே பேசிவைத்தபடி கறுப்பினத்தவர் இருவர் மூவராக வந்து அமர்ந்தார்கள். கேட்டதைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.