தாத்தாவின் சிவப்புக் கழுகு

அன்புள்ள ஐயா,

என் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். 1946-இல் ஊர் திரும்பி, அப்புறம் கடைசி வரை விவசாயம்தான். 1991-இல் இறந்தார். பட்டாளக் கதை எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் கறுப்புத் துணியில் சிறகு விரித்த சிவப்புக் கழுகு தைத்த ஒரு சின்னமும், சிவப்பு, வெள்ளை, பச்சை நிறங்களில் ஒரு ரிப்பன் துண்டும் கிடைத்தன. மெடல் இல்லை. கழுகு என்பதால் இது ஜெர்மன்காரனுடையது என்கிறார் சித்தப்பா. பெங்களூரில் டிரெய்னிங் எடுத்தார் என்பது மட்டும் பெரியத்தைக்கு நினைவிருக்கிறது. அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

சித்தப்பாவிடம் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜெர்மன் ராணுவக் கழுகு ஸ்வஸ்திகாவைக் காலில் பற்றியிருக்கும். உங்கள் தாத்தாவுடையது நாலாவது இந்திய டிவிஷனின் தோள் சின்னம். பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியது நல்ல காரியம். ஓரத்தில் காக்கி நூல் துணுக்குகள் இன்னும் சிக்கியிருக்கின்றன பாருங்கள், அது சட்டையில் தைத்துப் பிரிக்கப்பட்ட சின்னம். எங்கோ வாங்கிப் பெட்டியில் போட்டதல்ல, போட்டுக்கொண்டு நடந்தது. அதைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், அந்த நூலையும் பிடுங்கிவிடாதீர்கள்.

அந்த டிவிஷன் இன்றும் இந்திய ராணுவத்தில் அதே கழுகோடு இருக்கிறது. 1965 போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் டாங்குகளைத் தடுத்து நிறுத்தியது அதுதான். அதனால் கழுகை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது. 1946-இல் திரும்பினார் என்று நீங்கள் எழுதியதால்தான் இரண்டாம் உலகப் போர் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ரிப்பன் இத்தாலி ஸ்டார் என்ற போர் மெடலுடையது. இத்தாலியக் கொடியின் நிறங்கள் அவை. டிவிஷன் 1940 கடைசியில் எகிப்தில் சிதி பர்ரானியில் தொடங்கி எரித்ரியா, சிரியா, லிபியா, துனிசியா என்று அலைந்து, 1944-இல் இத்தாலியின் மோன்டே கசினோ மலைக்குக் கீழே போய் நின்றது. வட ஆப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு மணல் நிறத்தில் இன்னொரு ரிப்பன் உண்டு. அது பெட்டியில் இல்லாததால் தாத்தா அங்கே போகவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எண்பது வருஷத்தில் ஒரு துண்டு ரிப்பன் தொலைவது பெரிய விஷயமா?

அதே போல, கசினோவில் சண்டை போட்டார் என்றும் இப்போதே வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்தக் கழுகைத் துப்பாக்கி பிடித்தவரும் போட்டார், லாரி ஓட்டியவரும் போட்டார், சமையல்காரரும் கிளார்க்கும் போட்டார்கள். டிவிஷன் என்றால் பல ஆயிரம் பேர். தாத்தா அதில் எப்போது சேர்ந்தார், எந்தக் கம்பெனியில் இருந்தார் என்பது சின்னத்தில் இல்லை. இத்தாலி ஸ்டார்கூட கிரீஸில் பணியாற்றியவர்களுக்கும் உண்டு, டிவிஷன் 1944 கடைசியில் அங்கேயும் போனது. பேச்சு வாக்கில் சொன்ன ஊகம் இரண்டு கல்யாணம் தாண்டினால் குடும்ப வரலாறாகிவிடும். அதற்கடியில் உண்மையான மனிதர் காணாமல் போவார். அவர் சமையல்காரராக இருந்திருந்தால், அந்தக் குளிரில் யாருக்கு, எப்படிச் சோறு போட்டார் என்பதே தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பெங்களூர் டிரெய்னிங் என்றதும் எனக்கு மதராஸ் சாப்பர்ஸ் நினைவு வந்தது உண்மை. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, மிதிவெடி அகற்றுவது எல்லாம் அவர்கள் வேலை. அவர்களின் கம்பெனிகள் இந்த டிவிஷனோடு இருந்தன. கசினோ மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதையை டாங்கு போகும் அளவுக்கு அகலப்படுத்தியதில் டிவிஷனின் சாப்பர்களுக்குப் பங்கு உண்டு. 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி, மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் என்ற தமிழர், வெடிக்கப்போகும் மிதிவெடி மேல் விழுந்து தன்னோடிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். வீரச் செயலுக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. ஆனால் உங்கள் தாத்தா சாப்பர்தானா என்பதற்குப் பெங்களூர் மட்டும் போதாது.

வேண்டியது அவருடைய ஆர்மி நம்பர். டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் இருந்தால் நம்பர், பதவி, ரெஜிமென்ட் மூன்றும் அதில் இருக்கும். இல்லாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பென்ஷன் இல்லாத உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் அரசு உதவித்தொகை உண்டு. தாத்தாவோ பாட்டியோ அதற்கு மனு கொடுத்திருந்தால் பழைய ஃபைலில் நம்பர் மாட்டலாம்.

நம்பர் கிடைத்ததும் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினியர் குரூப்), மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக். பேரன் என்பதற்கு ஆதாரமும் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் நகலும் கூடவே வையுங்கள். சிப்பாய்களின் பதிவேடுகளுக்கு லண்டனைத் தேடிப் போக வேண்டாம், அவை இங்கேதான் இருக்க வேண்டும். கம்பெனி எது என்று தெரிந்த பிறகு லண்டன் உதவும். அங்கே கியூ என்ற பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. சிப்பாய் பெயர் அதில் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் எந்தத் தேதியில் எந்த ஊரில் முகாம், எந்த ஆற்றில் பாலம் என்று கம்பெனியின் அன்றாட வேலை தெரியும்.

இதெல்லாம் மாதக் கணக்கில் ஆகும். அதற்கு முன்னால், இந்த வாரமே, பெரியத்தையிடம் போய் உட்காருங்கள். சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரிந்திருக்காது. தாத்தா வீட்டுக்கு அனுப்பிய மணியார்டரின் கூப்பன்களை யாராவது எடுத்து வைத்தார்களா என்று கேளுங்கள். அனுப்பியவர் விலாசத்தில் நம்பரும் கம்பெனியும் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.