பழைய கடிகாரத்துக்கு எந்தச் செயின்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இப்போது தோல் பட்டைதான் இருக்கிறது. அந்தக் காலத்து ஸ்டீல் செயின் வாங்கிப் போட ஆசை. விற்பவர்கள் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். எதை நம்ப?

பதில்: அவர்கள் சொல்லும் எண் இருக்கட்டும். உங்கள் கடிகாரத்தின் எண் என்ன? ஒமேகாவில் மாடல் எண் பின்மூடியின் உட்பக்கத்தில் அடித்திருக்கும். கைதேர்ந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இல்லாமல் செயின் தேடவே தேடாதீர்கள். 105.003 என்றிருந்தால் காதுகளுக்கு, அதாவது செயின் மாட்டும் முனைகளுக்கு, நடுவே 19 மி.மீ.; 145.012 என்றால் 20 மி.மீ. இரண்டுமே 1960களின் ஸ்பீட்மாஸ்டர்தான், ஆனால் ஒன்றின் செயின் மற்றதில் உட்காராது.

145.012க்கு உரியது 1039 எண் செயின். கடிகாரத்தை ஒட்டி வளைந்து நிற்கும் கடைசிக் கண்ணியில், அதாவது எண்ட் லிங்கில், 516 என்று இருக்க வேண்டும். 1171 செயினும் 633 எண்ட் லிங்கும் அதற்குப் பிந்தைய கடிகாரங்களோடு வந்தவை. மாட்டினால் மாட்டும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அப்பா கட்டியிருந்த செயின் அது இல்லை. பூட்டின் உட்புறத்தையும் பாருங்கள். 3, 67 என்று இரண்டு எண்கள் இருந்தால், 1967ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் செய்தது என்று அர்த்தம்.

கேள்வி: ரோலெக்ஸ் சப்மரைனர் 5513 வைத்திருக்கிறேன். அளவு 20 மி.மீ. என்று பார்த்துத்தான் செயின் வாங்கினேன். மாட்டினால் நடுவில் இடைவெளி தெரிகிறது, ஆடவும் செய்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: 20 மி.மீ. என்பது அகலம். எண்ட் லிங்கின் வளைவும் உயரமும் அதில் அடங்காது. எந்த மாடலுக்கு என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்காமல் வாங்கிவிட்டு விற்றவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

5513 ஏறத்தாழ 1962 முதல் 1980களின் இறுதி வரை வந்த மாடல். ஆரம்ப காலத்துக்கு 7206 செயின், 80 எண்ட் லிங்க்; இதில் கண்ணிகளின் ஓரத்தில் ரிவெட் தலைகள் தெரியும். அடுத்து 9315 செயின், 280 அல்லது 380 எண்ட் லிங்க். இது தகட்டை மடித்துச் செய்தது. பிற்பாடு 93150 செயின், 580 எண்ட் லிங்க். இதில் கண்ணிகள் கெட்டியானவை. உங்கள் கடிகாரம் எந்த ஆண்டு என்பதைப் பொறுத்துத்தான் எது சரி என்று சொல்ல முடியும். 6 மணிப் பக்கத்துக் காதுகளுக்கு நடுவே இருக்கும் சீரியல் எண்ணைப் பாருங்கள், ஆண்டு ஏறக்குறையத் தெரிந்துவிடும். இன்னொன்று: செயினைக் காதுகளில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் பின் இந்தக் கடிகாரத்துக்கு சுமார் 2 மி.மீ. தடிமன் வேண்டும். கிடைத்த மெல்லிய பின்னைப் போட்டிருந்தாலும் செயின் ஆடும். ஒருநாள் கடிகாரமே கீழே விழும்.

கேள்வி: 1970களின் தங்கக் கடிகாரம், அதே காலத்துத் தங்கச் செயினோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. பூட்டில் நாய்த்தலை முத்திரை இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த நாய்த்தலை சுவிட்சர்லாந்தின் தங்கத் தர முத்திரை; அது 1995இல்தான் வந்தது. அதற்கு முன் 18 காரட் தங்கத்தில் அடித்தது, அந்நாட்டின் உருவகமான ஹெல்வேஷியா என்ற பெண்ணின் தலை. அந்தப் பூட்டு 1970களுடையது இல்லை. சொன்ன விலைக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: "நூறு சதவீதம் ஒரிஜினல் செயின்" என்று விளம்பரம். பூட்டின் படம் தெளிவாக இருக்கிறது, அதில் கம்பெனி முத்திரையும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. இப்படிப்பட்ட விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஒரு செயின் என்பது மூன்று உருப்படி: பூட்டு, கண்ணிகள், இரண்டு எண்ட் லிங்க். மூன்றையும் தனித்தனியாகக் கழற்றலாம், தனித்தனியாக விற்கலாம். ஒரு நல்ல பூட்டைப் போலிக் கண்ணிகளில் கோத்து, பூட்டை மட்டும் படமெடுத்துப் போட்டு, முழுச் செயினுக்கும் விலை வாங்குகிறார்கள். கேட்டால், "பூட்டு ஒரிஜினல்தானே, நான் பொய் சொல்லவில்லையே" என்று பதில் வரும். இது அப்பட்டமான ஏமாற்று.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 93150 என்று சொல்லி ஒருவர் விற்றார். பூட்டு அசல்தான். எண்ட் லிங்கைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: 580 என்ற எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லை, உப்பிப் போய் வழவழவென்று இருந்தது. ஆழமும் ஒரே சீராக இல்லை, 5 ஆழமாக, 0 தேய்ந்தாற்போல். உலோகத்தில் அழுத்தி அடித்த முத்திரை அப்படி இருக்காது. செயின் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. விற்றவர் அதோடு தொடர்பை முறித்துக்கொண்டார்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023இல் ஒமேகாவே சொன்னது. தங்கள் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கே அதில் பங்கு உண்டு என்றும் ஒப்புக்கொண்டது. முழுக் கடிகாரத்திலேயே இது நடக்கும்போது, கழற்றி மாட்டச் சுலபமான செயினில் நடக்காதா?

எனவே கேட்டு வாங்க வேண்டிய படங்கள் இவை: பூட்டின் உட்புறம், இரண்டு எண்ட் லிங்கின் பின்புறம், கண்ணிகளின் பக்கவாட்டுத் தோற்றம், கடிகாரத்தில் மாட்டிய நிலையில் மேலிருந்து ஒன்று. பூட்டில் உள்ள தேதி கடிகாரத்தின் ஆண்டோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். ஓரிரு ஆண்டு முன்பின் இருப்பது சகஜம். ரோலெக்ஸ் 1976 முதல் ஆண்டை ஆங்கில எழுத்தால் குறித்தது. அதோடு எஸ் என்ற எழுத்தும் இருந்தால் சர்வீஸில் மாற்றிய பூட்டு. அது போலி இல்லை, ஆனால் கடிகாரத்தோடு பிறந்ததும் இல்லை. விலை அதற்கேற்றபடி இருக்க வேண்டும். படம் தர மறுப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

கேள்வி: செயினில் எந்தக் கடிகாரக் கம்பெனியின் பெயரும் இல்லை, ஜிஎஃப் என்றுதான் இருக்கிறது. பழைய ஹோயருக்கு உரியது என்கிறார் விற்பவர்.

பதில்: இருக்கலாம். ஜிஎஃப் என்பது ஜெனீவாவின் கே ஃப்ரேர் (Gay Frères) பட்டறை. அது ஹோயருக்கும் ஜெனித்துக்கும் இன்னும் பல பெயர்களுக்கும் செயின் செய்து கொடுத்தது; 1969இல் வந்த ஜெனித் எல் பிரிமேரோவின் ஏணிச் செயின் அவர்கள் கைவேலைதான். 1998இல் ரோலெக்ஸ் அந்தப் பட்டறையை வாங்கிக்கொண்டது. ஆகவே ஜிஎஃப் முத்திரை செய்தவரைச் சொல்லுமே தவிர, எந்தக் கடிகாரத்துக்கு என்று சொல்லாது. எண்ட் லிங்க் உங்கள் ஹோயரில் இடைவெளியில்லாமல் உட்கார்கிறதா என்று கடிகாரத்தோடு நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: சர்வீஸுக்குக் கொடுத்த கடிகாரம் வேறு செயினோடு திரும்பி வந்தது. கணவர் நாற்பது ஆண்டு கட்டிய செயின் அது. கேட்டால், கொடுத்ததே இதுதான் என்று சாதிக்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. நம்பிக் கொடுத்த பொருளை மாற்றியது திருட்டு. கடிகாரம் கட்டிய கையோடு அவர் நிற்கும் பழைய புகைப்படங்களை எல்லாம் எடுங்கள். கண்ணிகளின் வடிவமும் பூட்டின் நீளமும் தெரிகிற படம் ஒன்று கிடைத்தாலும் பலம். வாங்கிய ரசீது, முந்தைய சர்வீஸ் சீட்டு, சர்வீஸுக்குக் கொடுத்தபோது எழுதித் தந்த சீட்டு எல்லாவற்றையும் சேருங்கள். இப்போது வந்திருக்கும் செயினின் உட்புற எண்களைப் படமெடுங்கள். அதன் தேதி உங்கள் புகைப்படங்களுக்குப் பிந்தையது என்றால், அவர்கள் சொல்வது பொய் என்று அதுவே காட்டிவிடும். பிறகு எழுத்து மூலம் புகார் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் தரும் எந்தத் தாளிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். படங்கள் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்தச் செயின் என்று எண்ணோடு எழுதித் தருகிறேன்.

கேள்வி: மடித்த தகட்டுச் செயின் தொய்ந்துவிட்டது. கண்ணிகளை இடுக்கியால் நெருக்கிவிட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது, உடையும். தேய்ந்திருப்பது உள்ளே இருக்கும் பின்னும் அதன் துளையும். வெளித்தகட்டை நெருக்கி என்ன பயன்? பழைய செயின்களைப் புதுப்பிப்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் கொடுங்கள். இனி வாங்கும்போது செயினைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். வளைந்து தொங்கினால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: இன்று புதிதாகச் செய்த நகல் செயினைப் போடுவது தவறா?

பதில்: இல்லை. தினமும் கட்ட அதுவே நல்லது, பழையது தேயாமல் இருக்கும். விற்கும்போது மட்டும் நகல் என்று எழுதிக் கொடுங்கள்.