பச்சை வாவியில் மீனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

வணக்கம் சேர்,

நாங்கள் கொள்ளுப்பிட்டியில் இருக்கிறோம். காலையில் மகளுடன் பேரை வாவிப் பக்கம் நடக்கப் போவது வழக்கம். போன கிழமை ஒரு நாள் கரையோரமாகச் சின்ன மீன்கள் நிறையச் செத்து மிதந்தன. மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். "அம்மா, பச்சையாக இருப்பது ஒளித்தொகுப்பு செய்து ஒட்சிசன் விடும் என்றுதானே படித்தோம். இந்தத் தண்ணி முழுக்கப் பச்சை. அப்ப மீன் ஏன் செத்தது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் செடிகள் வைத்தால் இது சரியாகுமா?

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். பாடத்தில் படித்ததையும் கண்ணால் கண்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துவரவில்லையே என்று கேட்டிருக்கிறாள். விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி இது. அன்றைக்கு அந்த மீன்கள் எதனால் செத்தன என்பதை நீரைச் சோதித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பச்சைத் தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டுவது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது. அந்தச் சக்தியில் நீர் உடைகிறது. நீரிலிருந்த ஒட்சிசன் வெளியேறுகிறது, ஐதரசன் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெல்லமாகிறது. இது மகளுக்குத் தெரிந்த பாடம். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. எவ்வளவு வெல்லம் உண்டானதோ அதற்குச் சரியான அளவு ஒட்சிசன்தான் வெளியே வருகிறது. அந்த வெல்லத்தை யார் எரித்தாலும், அதே அளவு ஒட்சிசன் திரும்பத் தேவைப்படும். செடியே சுவாசித்தாலும் சரி, மீன் தின்று எரித்தாலும் சரி, செத்த பிறகு பக்டீரியா சிதைத்தாலும் சரி, கணக்கு மாறாது.

இப்போது வாவிக்கு வருவோம். தண்ணீர் ஒட்சிசனை அதிகம் பிடித்து வைக்காது. கொழும்பு வெயிலில் 30 பாகை சூட்டில் ஒரு லீற்றர் நீரில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். ஒரு லீற்றர் காற்றில் அதைப் போல் 35 மடங்குக்கும் மேல் இருக்கிறது. மத்தியான வெயிலில், தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்ணிய அல்காக்கள் மும்முரமாக வேலை செய்யும்போது மேல்நீரில் ஒட்சிசன் நிரம்பி வழிந்து காற்றோடு போய்விடுகிறது. வெல்லம் மட்டும் அல்காவின் உடம்பாக வாவியிலேயே தங்கிவிடுகிறது. பொழுது பட்டதும் ஒளித்தொகுப்பு நின்றுவிடும், சுவாசம் நிற்காது. இரவு முழுக்க அல்காவும் மீனும் பக்டீரியாவும் எஞ்சிய கொஞ்ச ஒட்சிசனைப் பங்குபோடுகின்றன. விடியப்போகும் நேரத்தில்தான் அது மிகவும் குறைந்திருக்கும். ஐந்தரை மணியளவில் போனால், சில நாட்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். காற்றோடு ஒட்டியிருக்கிற மெல்லிய நீர்ப்படையில் கொஞ்சம் ஒட்சிசன் இருக்கும், அதைத்தான் அவை தேடி வருகின்றன.

செடி பகலில் காற்றைத் திருத்துகிறது, இரவில் கெடுக்கிறது என்பதை இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் 1779 இலேயே எழுதிவிட்டார். இலைகளை நீருக்குள் அமிழ்த்தி, வெயிலில் குமிழ் வருவதையும் நிழலில் நிற்பதையும் பார்த்தவர் அவர். நம் வகுப்புகளில் முதல் பாதியை அழுத்திச் சொல்லி, இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அதனால்தான் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம்.

அப்புறம், அந்தப் பச்சை எது என்பதும் முக்கியம். பேரை வாவியில் அடிக்கடி பெருகுவது மைக்ரோசிஸ்டிஸ். நீலப்பச்சை அல்கா என்று சொன்னாலும் அது உண்மையில் ஒரு வகைப் பக்டீரியா. அதன் கலங்களுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. அதனால் மிதந்து மேலே வந்து, பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல் பரவி நிற்கும். கீழே வெளிச்சம் போகாது, அடியில் நீர்ச்செடி வளராது. திலாப்பியா ஓரளவு தின்னும், ஆனால் நீரிலுள்ள நுண்ணிய விலங்குகளுக்குக் கூட்டமாகத் திரண்ட இதைத் தின்பது கஷ்டம். பிடிபட்ட சூரிய சக்தி மீனுக்கும் மீனைத் தின்னும் நீர்க்காகத்துக்கும் போய்ச் சேராமல், பெரும்பகுதி செத்து அடியில் படிந்து பக்டீரியாவுக்கே போகிறது. ஒளியைப் பிடிப்பதில் இந்த வாவிக்கு ஒரு குறையும் இல்லை. பிடித்தது கைமாறிப் போகிற வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. எனக்கு மனம் நோவது இதை நினைத்துத்தான்.

ஏன் இவ்வளவு அல்கா? வெயிலும் காபனீரொட்சைட்டும் எல்லா வாவிக்கும் கிடைக்கின்றன. கனடாவின் ஒன்ராறியோவில் 1973 இல் ஓர் ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் காபனும் நைதரசனும் சேர்த்தார்கள், மறுபக்கம் அவற்றோடு பொசுபரசையும் சேர்த்தார்கள். பொசுபரசு போட்ட பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டது. நம் வாவிக்குள் அந்தப் பொசுபரசைக் கொண்டுவருவது மலசல நீரும் சவர்க்கார நீரும் கலந்த கான்கள்.

ஆகவே செடி வைத்தால் சரியாகுமா என்ற கேள்விக்கு, எந்தச் செடி, எங்கே என்று பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை போல நீரின் மேலே மூடி வளரும் செடியைக் கொண்டுவந்து போட்டால் அல்கா செய்வதையே அதுவும் செய்யும். கரையோரச் சேற்றில் கோரையும் சம்பும் வளர்த்து, வளர வளர வெட்டி வெளியே எடுத்தால், அவை உறிஞ்சிய பொசுபரசும் கூடவே வெளியேறும். கொலன்னாவையிலும் தலங்கமவிலும் எஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்கள் இப்படி நீரை வடிக்கின்றன. 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே இந்தச் சதுப்புகளால்தான். ஆனால் கான்களை முதலில் திருத்தாமல் எந்தச் செடியாலும் ஈடுகொடுக்க முடியாது.

மகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மீன்தொட்டிக் கடையில் ஐதரில்லா என்ற நீர்ச்செடியில் ஒரு தண்டு வாங்குங்கள். ஜாம் போத்தலில் நீர் விட்டு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா கரைத்து, தண்டை வெட்டிய நுனி மேலே இருக்கும்படி அமிழ்த்தி, வெயில் படும் யன்னலில் வையுங்கள். வெட்டிய நுனியிலிருந்து குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதட்டும். யன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து ஒரு தரம், பொழுது பட்ட பின் ஒரு தரம் எண்ணட்டும். மூன்று எண்ணிக்கையையும் எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.